பின்கதவுக்குள் கஞ்சி

உப்புப் பார்க்க ஆள் வேண்டும் என்று கைரியா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

நோன்பு பிடித்தவர்கள் கஞ்சி காய்ச்சலாம். வாயில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். நாக்கு நுனியில் தொட்டுத் துப்பிவிட்டால் குற்றமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. கைரியாவின் உம்மா அதற்கும் சம்மதித்ததில்லை. அதனால் அந்த வீட்டுக்கு நோன்பு மாதம் முழுவதும் நோன்பில்லாத ஒரு நாக்கு தேவைப்பட்டது. போன வருடம் அது என் மனைவி இராஜகுமாரியின் நாக்காக இருந்தது. அவர்களுடைய முன் அறையில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

இந்த வருடம் யசோதா வந்திருந்தாள். கீழ்ப் பாதையில் இருக்கும் ராஜலிங்கத்தின் மனைவி. ராஜலிங்கம் பழைய ஜீப் ஒன்று வைத்துத் தெல்தோட்டையிலிருந்து கண்டி மார்க்கெட்டுக்கு மரக்கறி ஏற்றுகிறவன்.

பின்வளவில் மழைக்குக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே கஞ்சிக் கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. கெலிஓயாவில் ஒரு வாரமாக மழை. விறகெல்லாம் நனைந்திருந்தது. ஹந்தானைப் பக்கம் பிடுங்கிய பழைய தேயிலைக் கட்டைகளை கைரியாவின் கணவன் மஹ்மூத் முன்யோசனையாக வாங்கிக் குசினிக்குள் அடுக்கியிருந்தான். தேயிலைக் கட்டை சுலபத்தில் பிடிக்காது. பிடித்தால் அணையாது. மூன்று கல்லுக்கு நடுவில் அது சத்தமில்லாமல் சிவந்து கிடந்தது. பூண்டும் இஞ்சியும் ரம்பை இலையும் வெந்து, அரிசி உடைந்து, தேங்காய்ப்பால் விடும் கட்டத்துக்கு வந்திருந்தது. கைரியா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துடுப்பால் கிண்டினாள். புகையில் கண் சிவந்திருந்தது.

மஹ்மூத் ஒரு கதிரையில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட காலை இன்னொரு கதிரையில் வைத்திருந்தான். தறப்பாள் கட்ட ஏணியில் ஏறியபோது விழுந்த கால் அது.

"கொஞ்சம் கெட்டியா ஈக்கி போல" என்றான்.

"அங்க இருந்து உங்களுக்கு வெளங்குதா?"

"துடுப்புக் கிண்டுற சத்தத்துல வெளங்குது."

"அப்ப சத்தத்துலயே உப்பையும் செல்லுங்களேன். யசோதாவ மெனக்கெடுத்தத் தேவல்லயே."

யசோதா சிரித்தாள். சிரட்டை அகப்பையில் கஞ்சி எடுத்து, ஊதி, உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஒரு கை போடலாங்க அக்கா."

கைரியா உப்புச் சட்டிக்குள் கையை விட்டாள். எடுக்கவில்லை. வீட்டுப் பானைக்கு உப்புப் போட்டுப் பழகிய கை. இவ்வளவு பெரிய கிடாரத்துக்கு அவள் காய்ச்சுவது இதுதான் முதல் தடவை.

"சேர், நீங்களும் ஒருக்காப் பாருங்களேன்."

வாங்கிக் குடித்தேன். சூடு தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. சில மாதங்களாகச் சாப்பாடு எனக்கு அப்படித்தான்.

"ஒரு கை போடலாம்" என்றேன். யசோதா சொன்னதைத்தான் சொன்னேன்.

கைரியா போட்டாள்.

பள்ளிவாசல் கஞ்சி அங்கேயே ஒரு கொட்டிலில் காய்ச்சப்படுவதுதான் வழக்கம். நோன்பின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்கு. அரிசியும் இறைச்சியும் கொடுத்துவிட்டால் போதும், சமையல்காரர் பார்த்துக்கொள்வார். இந்த மழையில் மண்மேடு சரிந்து கொட்டிலை மூடிவிட்டது. அவரவர் நாளில் அவரவர் வீட்டில் காய்ச்சிக் கொண்டுவரட்டும் என்று முடிவானது. இன்று கைரியா வீட்டு நாள். மற்ற வீடுகளில் ஆண்கள் காய்ச்சினார்கள். மஹ்மூத் கதிரையில் இருந்தான்.

கொதி அடங்கும் நேரத்தில் முஹைதீன் வந்தார். மஹ்மூத்தின் மூத்த சகோதரர், கைரியாவுக்கும் 'நானா'. பள்ளிவாசல் கமிட்டியில் இருப்பவர். வெள்ளைச் சாரம், கையில் குடை. கிடாரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"நான் சென்ன தானே கைரியா, இந்த நாள எங்க வீட்டுக்கு மாத்துவம் எண்டு. பொம்பள ஒராள் கிடாரம் வச்சி..."

"கிடாரத்தக் கழுவுற பொம்பள தானே நானா. வைக்கிறதுக்கு மட்டும் என்னத்த."

"அதுக்கில்ல. கஞ்சி நேரத்துக்கு வரல்லெண்டா சனம் சும்மா ஈக்காது. அதுக்குப் பொறகு உங்களுக்கு நாள் தாறதப் பத்திக் கமிட்டியில நான் வாயத் தொறக்க ஏலா."

"என்ட உம்மாட பேருல காய்ச்சின கஞ்சி. நேரத்துக்கு வரும்."

அவளுடைய உம்மா போன பெருநாள் கழிந்து மவுத்தானவர். அவரில்லாத முதல் நோன்பு இது. முஹைதீன் குடையை மடக்கி மூலையில் சாத்தினார்.

பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன் ராஜலிங்கம் ஜீப்பைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். முன்னால் இரண்டு கதவு, பின்னால் ஒன்று, அவ்வளவுதான். பின்கதவு பக்கவாட்டில் திறப்பது. அதன் முதுகில் ஸ்பெயார் டயர் தொங்கும். பின் ஆசனங்களை அவன் எப்போதோ கழற்றிவிட்டான். முன் ஆசனங்களுக்குப் பின்னால் கூரைவரை கம்பி வலை அடித்திருந்தான். ஒருமுறை பிரேக் பிடித்தபோது லீக்ஸ் மூட்டை பிடரியில் விழுந்ததாம். அந்த வலையில் விரல்தான் போகும், கை போகாது. பக்கத்துக் கண்ணாடிகள் திறக்கிற சாதியில்லை.

கிடாரத்தின் வளையங்களுக்குள் இரண்டு தடி கோத்து நான்கு பேர் தூக்கினோம். நான், ராஜலிங்கம், முஹைதீனின் கடைப் பெடியன்கள் இருவர். உள்ளே ஒரு பழைய டயர் போட்டு அதன் மேல் இறக்கினோம். கைரியா வாழையிலையால் மூடி, மேலே தாம்பாளத்தைக் கவிழ்த்து, வெள்ளைத் துணியால் கட்டினாள்.

"கதவப் பூட்டுங்க தம்பி" என்றார் முஹைதீன்.

"இந்தக் கதவு தானா தொறக்காதுங்க மொதலாளி."

"பள்ளி மேட்டுல ஏறக்கொள்ள தொறந்துச்செண்டா? ரோட்டுல கஞ்சி ஓடும். பூட்டுங்க."

ராஜலிங்கம் கதவின் உட்பக்கம் இருந்த சின்னக் கொளுக்கியைத் தள்ளிவிட்டு ஓங்கிச் சாத்தினான். பூட்டிக்கொண்டது. சாவி தேவைப்படவில்லை. அந்தப் பின்கதவை அவன் ஜீப் வாங்கிய நாளிலிருந்து பூட்டியதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. லீக்ஸை யார் களவெடுக்கப் போகிறார்கள்.

கிடாரம் இறங்கும்வரை கூடவே இருப்பேன் என்று கைரியா முன்னால் ஏறிக்கொண்டாள். யசோதாவும் அவளை நெருக்கிக்கொண்டு ஏறினாள். முஹைதீனும் நானும் கடைப் பெடியன்களும் த்ரீவீலில் பின்னால் போனோம். கஞ்சி வாசம் ரோட்டில் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. த்ரீவீல்காரன் நோன்பு. "அல்லாவே" என்று மட்டும் சொன்னான்.

பள்ளிவாசல் கேட்டுக்கு முன்னால் ரோடு செங்குத்தாக ஏறும். ராஜலிங்கம் மேட்டைப் பார்க்க ஜீப்பின் மூக்கை வைத்து நிறுத்தினான். அஸர் முடிந்திருந்தது. பெண்களும் பிள்ளைகளும் ஜக்கு, வாளி, டிபன் கெரியல் என்று பிடித்துக்கொண்டு மதிலோரம் நின்றார்கள். தூறல் விட்டிருந்தது.

ராஜலிங்கம் கைப்பிடியை இழுத்தான். வரவில்லை. சாவியைப் போட்டான். பாதிதான் போனது. வெளியே எடுத்து, பார்த்து, காற்சட்டையில் துடைத்து, மறுபடி போட்டான். பாதிதான்.

"மத்தப் பக்கமாப் போடு" என்றாள் யசோதா.

"ரெண்டு பக்கமும் ஒன்னுதான்டி."

"அப்ப தள்ளிப் போடு."

"தள்ளினா ஒடையும். ஒடைஞ்சா நீயா ஒட்டித் தருவ?"

முஹைதீன் வந்து தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். அவருக்கும் பாதிதான் போனது. கதவைக் கையால் தட்டினார். உள்ளே கிடாரம் பாரமான ஒரு சத்தம் கொடுத்தது. தொழுது வந்தவர்களில் பாதிப் பேர் ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். இழுத்துக்கொண்டு சாவியைத் திருப்பு. உதைத்துக்கொண்டு திருப்பு. பெற்றரியைக் கழற்றி மாட்டு. அவன் எல்லாவற்றையும் செய்தான். பெற்றரியை மட்டும் கழற்றவில்லை.

முன்னாலிருந்து ஒரு வழி தேடினோம். ஓட்டைக் குடையொன்றின் கம்பியை நிமிர்த்தி, வலையின் ஒரு கண்ணுக்குள் விட்டு, கிடாரத்துக்கு மேலாக நீட்டி உட்பக்கக் கொளுக்கியைத் தட்டப் பார்த்தேன். கம்பி எட்டியது. கொளுக்கி கதவின் குழிக்குள் இருந்தது. தட்டத் தட்டக் கம்பி வளைந்தது. கடைசியில் கைநழுவித் தாம்பாளத்தின் மேல் விழுந்தது. வெளியே நின்றவர்கள் ஒரே குரலில் 'ச்ச' என்றார்கள்.

கைரியாவின் தொலைபேசி அடித்தது. மஹ்மூத்.

"எறக்கியாச்சா?"

"எறக்கிக்கொண்டு ஈக்கிற" என்றாள் கைரியா.

"உப்பு எப்படியாம்?"

"வைங்க போன."

சந்தியில் கராஜ் வைத்திருக்கும் செல்லப்பா பாஸைக் கூட்டிவந்தார்கள். யாழ்ப்பாணத்து மனிதர், கம்பளையில் கலியாணம் செய்து இங்கேயே நின்றுவிட்டவர். எண்ணெய்க் குப்பியும் ஆயுதப் பையும் கொண்டுவந்தார். குனிந்து சாவித் துவாரத்தைப் பார்த்தார்.

"எப்ப கடைசியாத் திறந்தனீர், சாவி போட்டு?"

"சாவி போட்டா? அப்படித் தொறந்ததில்லைங்க பாஸ்."

"ஒருக்காலும்?"

"பூட்டினாத்தானேங்க தொறக்கணும்."

"அதுவும் சரி." துவாரத்துக்குள் எண்ணெய் விட்டார். பொறுத்தார். சாவியைப் போட்டார். பாதி. இன்னும் எண்ணெய் விட்டார். எண்ணெய் வழிந்து பம்பரில் சொட்டியது. ஆட்டினார், தட்டினார். சாவி அசையவில்லை. "இறுகிப் போச்சு" என்றார். "உள்ள சிமெந்து வைச்ச மாதிரிக் கிடக்கு. கிரைண்டர் கொண்டுவாறன். பூட்டைச் சுத்தி வெட்டினா விழுந்திடும்."

"வெட்டுற தூள் எங்க போகும்?" என்று கேட்டாள் கைரியா.

"உள்ளுக்குத்தான் பறக்கும், தங்கச்சி."

"உள்ளுக்குக் கஞ்சி ஈக்கி."

"மூடியிருக்குத்தானே."

"வாழையிலையும் தாம்பாளமும். நோன்பு திறக்கிற வாய்க்கு இரும்புத்தூள் குடுக்க ஏலா பாஸ்."

முஹைதீன் பக்கத்துக் கண்ணாடியைக் குடைப்பிடியால் தொட்டுக் காட்டினார். "அப்ப இத ஒடைப்பம். கண்ணாடிக் காச நான் தாற."

"கண்ணாடி அதவிட மோசம். ஒரு துண்டு விழுந்தாலும் கிடாரத்தோட கொட்ட வேண்டியதுதான்" என்றாள் கைரியா.

"அப்ப என்னத்தியன் செய்யச் செல்ற? இங்க சனம் நிக்கிது." அவர் மேற்கே பார்த்தார். மலையின் நிழல் ரோட்டைக் கடந்து பள்ளிவாசல் சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது. மகாவலி ஆற்றுப் பக்கம் மட்டும் வெளிச்சம் மிச்சமிருந்தது. "கடையில செல்லி பிஸ்கட்டும் தேத்தண்ணியும் எடுப்பிக்கிற. கஞ்சி வரல்லெண்டு செல்லிப்போடுவம்."

"கஞ்சி வந்தீக்கி நானா. கதவுதான் வரல்ல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கைரியா சிரிக்கவில்லை. முகத்தில் அடுப்புக்கரி ஒரு கோடாக இருந்தது. உதடு காய்ந்திருந்தது. ஜீப்பின் பின்கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். அதை விட்டு அவள் நகரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. சில பெண்கள் ஜக்கைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை.

செல்லப்பா பாஸ் சாவியை வெளியே எடுத்தார். அதன் நுனியை விரலில் தேய்த்தார்.

"இது துரு இல்ல."

"அப்ப?"

"துரு சிவப்பா வரும். இது மஞ்சள்." மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி முகர்ந்தார். "சந்தனம் மணக்குது."

எல்லோரும் ராஜலிங்கத்தைப் பார்த்தார்கள். ராஜலிங்கம் யசோதாவைப் பார்த்தான்.

"வெள்ளிக்கெழம வைக்கிறதுங்க" என்றாள் யசோதா. குரல் இறங்கிவிட்டது. "வண்டியக் கழுவிட்டு, ஸ்டியரிங்குக்கு ஒன்னு, முன்னால ஒன்னு, பூட்டுக்குப் பூட்டு ஒன்னு. பூட்டுல வச்சா வண்டிக்குக் காவலுன்னு..."

"எத்தினை வருசமா?"

"வண்டி வாங்கினதுலேந்துங்க."

"முன் கதவுகள்?"

"அதுக்குந்தாங்க."

"அது தினம் சாவி போடுற பூட்டு. போட எடுக்கத் தூள் வெளிய வந்திரும்" என்றார் செல்லப்பா. "இது ஒருத்தரும் திறக்காத பூட்டு. கிழமைக்குக் கிழமை அப்பி, காய்ஞ்சு, மழை கரைச்சு உள்ள இறக்கி, திரும்பவும் காய்ஞ்சு..."

"நல்ல காவல்" என்றார் முஹைதீன். "சொந்தக்காரனையும் விடுறதில்ல."

இப்போது கைரியாதான் முதலில் சிரித்தாள். பசியில் சிரிக்கிற சிரிப்பு, அடக்க முடியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ராஜலிங்கம் தலையைச் சொறிந்தான். "நான் அப்பவே சொன்னேன், பொட்டு போதும், அப்பாதேன்னு" என்றான்.

"நீ எப்ப சொன்ன? இன்னும் கொஞ்சம் வை, தெல்தோட்ட ரோடு மோசம்னுதான் சொன்ன."

யசோதா சாவியை வாங்கிப் பார்த்தாள். எண்ணெயில் குழைந்த மஞ்சளை நகத்தால் சுரண்டினாள். அது சுரண்ட வரவில்லை.

"எண்ணெ ஊத்தினதுதாங்க தப்பு" என்றாள். "சந்தனக் கல்லுல காஞ்சு ஒட்டினா எண்ணெய்க்கு அசையாது. சுடுதண்ணி ஊத்தி ஊற வச்சா வெரலாலயே வழிச்சிரலாம்."

"பூட்டுக்குள்ள தண்ணியோ?" செல்லப்பா பாஸ் நிமிர்ந்தார். "ஆரும் செய்யிற வேலையே? துருப்பிடிச்சுப் போகும்."

"துரு நாளைக்குத் தானே பாஸ் புடிக்கும்" என்றாள் கைரியா. "கஞ்சி இண்டைக்கு."

அவர் அவளைப் பார்த்தார். எண்ணெய்க் குப்பியை மூடிப் பைக்குள் வைத்தார்.

"ஓம், அப்ப வெறுந்தண்ணி காணாது. நான் விட்ட எண்ணெய் முதல்ல கழுவுப்பட வேணும். சவர்க்காரம் கரைச்சுக் கொண்டுவாங்கோ. நல்ல சூடா. அதோட, ஊத்தினா உள்ள போகாது, வெளியாலதான் வழியும். பீச்சி அடிக்க ஏதும் வேணும்."

எதிர்க் கடையில் நோன்பு திறக்கிற நேரத்துக்காகக் கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கடைப் பெடியன்கள் ஓடினார்கள். பீச்சி அடிக்க என்ன இருக்கிறது என்று ஆளாளுக்குப் பார்த்தார்கள்.

என் பையில் ஓர் ஊசிக்குழாய் இருந்தது. இராஜகுமாரிக்கு மருந்து கொடுக்க வாங்கியது. உறை பிரிக்கப்படவில்லை. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் அதைத் தினமும் கொண்டுபோய் வந்துகொண்டிருந்தேன். எடுத்து உறையைக் கிழித்து யசோதாவிடம் கொடுத்தேன். ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. கைரியா மட்டும் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

யசோதா சவர்க்காரத் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, குழாயின் மூக்கைச் சாவித் துவாரத்தில் வைத்து அழுத்தினாள். முதலில் எண்ணெய் நுரைத்து வந்தது. பிறகு அழுக்குத் தண்ணீர். பிறகு வெறுந்தண்ணீர். அவள் நிறுத்தவில்லை. கேத்தலை ராஜலிங்கம் பிடித்துக்கொண்டான். "சூடு ஆறுது, வேற கொண்டாங்க" என்று அவனை அதட்டினாள். இரண்டாவது கேத்தலில் தண்ணீர் மஞ்சளாக வரத் தொடங்கியது. பால்போலக் கட்டியாக வந்து, கதவில் கோடு கோடாக இறங்கி, பம்பரில் சொட்டியது. பள்ளிவாசல் கேட்டடியில் கஞ்சி வாசமும் சந்தன வாசமும் ஒன்றாக எழுந்தன.

"மாரியம்மன் கோயில் மாதிரி மணக்குதே" என்றார் ஒரு பெரியவர்.

"நோன்புல மணத்தப் புடிச்சா முறியாது, பேசாம நில்லுங்க" என்றார் முஹைதீன்.

செல்லப்பா சாவியைப் போட்டார். பாதிக்கு மேல் போனது. "அவசரப்படாதேங்கோ" என்று தனக்கே சொல்லிக்கொண்டு வெளியே எடுத்து, கழுவி, மறுபடி போட்டார். யசோதா பீச்சினாள். அவர் போட்டார், எடுத்தார், கழுவினார். ஒவ்வொரு தடவையும் சாவி நெல்மணி அளவு கூடப் போனது. கடைசியில் கழுத்துவரை போய் நின்றது. மெதுவாகத் திருப்பினார். உள்ளே 'டக்' என்றது.

கூட்டம் ஒரு சத்தம் போட்டது. ராஜலிங்கம் கைப்பிடியை இழுத்தான்.

கதவு வரவில்லை.

"பூட்டு விட்டிட்டுது" என்றார் செல்லப்பா. "ஆனாக் கதவின்ர நாக்கு விடேல்ல. என்னவோ இறுக்கிப் பிடிக்குது." முழங்காலால் கதவை உள்ளே தள்ளிக்கொண்டு இழுக்கச் சொன்னார். இழுத்தான். கைப்பிடி உடைகிற மாதிரி முனகியது. பாங்கு சொல்லும் மோதினார் பள்ளிவாசலுக்குள்ளிருந்து வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கைரியாவின் தொலைபேசி அடித்தது. அவள் எடுக்கவில்லை.

அவள் கதவில் காதை வைத்தாள். உள்ளங்கையால் ஒருமுறை தட்டினாள். கொஞ்சம் கீழே தட்டினாள். துடுப்பின் சத்தத்தில் கெட்டியைக் கண்டுபிடிப்பதாகச் சொன்ன மஹ்மூத்தின் ஞாபகம் எனக்கு வந்தது.

"இங்க வெறும் தகரம். இங்க தட்டினா சத்தமில்ல." நிமிர்ந்தாள். "கிடாரம் கதவுல சாஞ்சீக்கி. மேட்டுல ஏறக்கொள்ள டயரோட வழுக்கி வந்தீக்கி. அது தள்ளிக்கொண்டு நிக்கக்கொள்ள இது எப்படி விடும்? விட்டாலும் ரோட்டுலதான் விழும்."

செல்லப்பா பாஸ் முழங்காலை எடுத்தார். "இது எனக்குத் தோணேல்ல" என்றார்.

"தம்பி, ஜீப்பத் திருப்புங்க. மூக்கு பள்ளத்தப் பார்க்கட்டும்."

அந்த இடத்தில் திருப்புவது லேசான காரியமில்லை. மதிலோரம் நின்ற பெண்கள் கேட்டுக்குள் ஏறிக்கொண்டார்கள். த்ரீவீலைத் தள்ளி ஓரங்கட்டினார்கள். முஹைதீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று, "வா, வா, கொஞ்சம், ஆ போதும், ஒடி, ஒடி" என்று கையைச் சுழற்றினார். முன்னும் பின்னுமாக ஜீப் திரும்பியது. ராஜலிங்கம் பள்ளத்தில் உருளவிட்டு, ஒரு தட்டுப் பிரேக் பிடித்தான். உள்ளே பாரமான ஒன்று அரைந்துகொண்டு முன்னால் போனது கேட்டது. கம்பி வலை நெளிந்தது. லீக்ஸுக்காக அடித்த வலை கிடாரத்தைத் தாங்கியது.

"இப்ப" என்றார் செல்லப்பா.

ராஜலிங்கம் இறங்கி வந்து கைப்பிடியில் கை வைத்தான். பிறகு கையை எடுத்துக்கொண்டு யசோதாவைப் பார்த்தான். யசோதா கைரியாவைப் பார்த்தாள்.

கைரியா இழுத்தாள். கதவு ஸ்பெயார் டயரையும் சுமந்துகொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் திறந்தது.

ஆவி வந்தது. வெள்ளைத் துணியில் ஓர் ஓரம் நனைந்திருந்தது, அவ்வளவுதான். கட்டை அவிழ்த்துத் தாம்பாளத்தை எடுத்தபோது வாழையிலை வெந்து பழுத்திருந்தது. கஞ்சி விளிம்புக்கு நாலு விரல் கீழே அப்படியே இருந்தது. பெண்கள் கவிழ்த்து வைத்திருந்த ஜக்குகளை நிமிர்த்தினார்கள்.

"தடியக் கொண்டு வாங்க" என்றார் முஹைதீன். "தூக்கி உள்ளுக்குக் கொண்டு போவம்."

ஜீப் இப்போது பள்ளத்தில் நின்றது. நாலு பேர் அந்தக் கிடாரத்தோடு ஈர ரோட்டில் மேடேற வேண்டும். கைரியா மேட்டைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு பம்பரில் கால் வைத்து ஏறினாள்.

"தூக்கத் தேவல்ல நானா. இங்கயிருந்தே ஊத்துற."

"நீங்களா?"

"யசோதா, அந்த அகப்பையத் தாங்க."

முஹைதீன் வாயைத் திறந்தார். கைரியா முதல் ஜக்கை வாங்கிவிட்டிருந்தாள். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"நெருக்காதீங்க" என்று சத்தமாகச் சொன்னார். "வரிசையா வாங்க. பிள்ளைகள முன்னுக்கு விடுங்க. எல்லாருக்கும் ஈக்கி."

வரிசை கேட்டிலிருந்து ஜீப்வரை இறங்கியது. கைரியா நிமிராமல் ஊற்றினாள். ஒவ்வொரு ஜக்கிலும் அடியிலிருந்து கிண்டி எடுத்து ஊற்றினாள், இறைச்சி எல்லோருக்கும் போக வேண்டும் என்று. யசோதா ஜக்குகளை வாங்கியும் கொடுத்தும் நின்றாள். ராஜலிங்கம் கதவு சாத்திக்கொள்ளாமல் முதுகால் முட்டுக் கொடுத்து நின்றான். செல்லப்பா பாஸ் போகாமல் நின்றார். யாரோ அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள்.

வரிசையின் கடைசியில் முஹைதீன் வந்தார். பள்ளிவாசலுக்குள் இருப்பவர்களுக்காக இரண்டு பெரிய வாளி. ஒன்றை நீட்டினார். அவள் நிரப்பினாள். மற்றதை நீட்டினார்.

"கொட்டில் அடுத்த வருஷத்துக்குள்ள கட்டி முடியும்" என்றார்.

"முடியட்டும்."

"முடிஞ்சாலும் இந்த நாள் உங்கட அடுப்புலயே ஈக்கட்டும். கமிட்டியில நான் செல்ற."

"வாளிய ரெண்டு கையாலயும் புடிங்க நானா. பாரம்."

அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேடேறினார். பாதி வழியில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. எதிர்க்கடையில் பேச்சு நின்றது. ரோடு முழுவதும் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கைரியா ஜீப்பின் பின்விளிம்பில் உட்கார்ந்து ஒரு பேரீச்சம்பழம் தின்றாள். யசோதா கிடாரத்துக்குள் பாதி உடம்பு போகக் குனிந்து, அடியை வழித்து ஒரு கோப்பை எடுத்து நீட்டினாள். கைரியா குடிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.

"உப்பு எப்படிங்க அக்கா?"

கைரியா கோப்பையை முடித்துவிட்டு மறுபடி நீட்டினாள்.

"உம்மாட கஞ்சி" என்றாள். "இன்னும் ஈக்கா?"

தொலைபேசி அடித்தது. இந்த முறை எடுத்தாள். "ம். எறக்கல்ல. எறக்காமலே முடிஞ்சி... வந்து செல்ற... ஆ, கிடாரத்துல ஒண்டுமில்ல, நீங்க தேத்தண்ணி குடிங்க."

பிறகு எழுந்து போய் முன் ஆசனத்துக்குக் கீழே கையை விட்டு ஒரு ஜக்கை எடுத்தாள். வீட்டிலிருந்து புறப்படும்போதே ஊற்றி மூடி வைத்தது. போன வருடம் தினமும் எங்கள் அறைக்கு வந்த அதே பெரிய ஜக்கு.

"சேர், ஆறிப் போயீக்கும்" என்றாள்.

திறந்திருந்த பின்கதவில் சாய்ந்துகொண்டு குடித்தேன். பூண்டு தெரிந்தது, ரம்பை தெரிந்தது. உப்பு சரியாக இருந்தது. இரண்டு பேருக்கான ஜக்கு அது. முழுவதையும் குடித்தேன்.